உடலில் எழுதப்படும் சாதி: புரோஸ்டேட் புற்றுநோயும் கணக்கில் வராத கரிசல் ஆண்களும்

அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் கறுப்பின ஆண்களின் விகிதம், வெள்ளையின ஆண்களின் விகிதத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பல பத்தாண்டுகளாக அந்நாட்டின் பதிவேடுகள் சொல்லிவரும் செய்தி இது; எவரும் மறுப்பதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இதே நோயால் இறக்கும் தலித் ஆண்களின் விகிதம் பிற சாதி ஆண்களைவிடக் கூடுதலா, குறைவா, சமமா? இக்கேள்விக்கு விடை தரும் அட்டவணை எந்த அரசு அறிக்கையிலும் அச்சிடப்படவில்லை.

காரணம் எளியது. கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னைப் பதிவேட்டை நடத்துவது அடையாறு புற்றுநோய் நிலையம். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி நிறுவி, மருத்துவர் வி. சாந்தா வளர்த்தெடுத்த நிறுவனம். பின்னர் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுப் பணியும் அதன் பொறுப்பில் வந்தது. போற்றத்தக்க உழைப்பு அது, ஐயமில்லை. ஆயினும் வெளிவரும் அறிக்கைகளில் வயது உண்டு, பால் உண்டு, மாவட்டம் உண்டு, சாதி இல்லை. இறப்புப் பதிவுப் படிவம் இறந்தவரின் மதத்தையும் தொழிலையும் கேட்கிறது, புகைத்தாரா, குடித்தாரா என்றுகூடக் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு சாதிப் பிரிவைக் கேட்கிறது. ஆனால் 2019–21இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்றில் நேர்காணப்பட்ட ஆண்களின் வயது வரம்பு 15 முதல் 54 வரை. புரோஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களுக்கு வருவது. சாதி கேட்கப்படும் இடத்தில் இந்நோயாளி இல்லை. நோயாளி இருக்கும் இடத்தில் சாதி கேட்கப்படுவதில்லை.

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறிய சுரப்பி. அதில் தோன்றும் புற்று பெரும்பாலும் மெல்ல வளரும். சிறுநீர் தடைப்படுவதும் இரவில் பலமுறை எழுவதும் புற்றின்றி வயது காரணமாகச் சுரப்பி வீங்கினாலும் வரக்கூடியவை. அதனால்தான் இந்நோய் எளிதில் மறைந்துகொள்கிறது. கரிசல் வெயிலில் நாள் முழுதும் நிற்கும் கூலிக்காரர் இதை நீர்ச்சுருக்கு என்பார், உடற்சூடு என்பார், நீர்மோர் குடிப்பார். நோய் எலும்பைத் தொட்ட பிறகு வரும் இடுப்புவலியை, வாழ்நாளெல்லாம் மண்வெட்டி பிடித்ததன் பலன் என்று எடுத்துக்கொள்வார். இந்திய மருத்துவமனைகளில் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகின்றனர் என்பது மருத்துவ உலகம் அறிந்ததே.

அமெரிக்க ஏற்றத்தாழ்வை விளக்க முற்பட்ட அறிவியல் முதலில் மரபணுவிடம் சென்றது. 2006இல் எட்டாம் குரோமோசோமின் ஒரு பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் கூடுதல் ஆபத்தைத் தரும் மாறுபாடுகள் இருப்பது கண்டறியப்பட்டது. அந்த ஆய்வில் பங்கேற்ற டேவிட் ரைக்தான் மூன்றாண்டுகள் கழித்து, ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோருடன் சேர்ந்து இந்தியச் சாதிகளின் மரபணு வரலாற்றை எழுதினார் என்பதைப் போகிறபோக்கில் நினைவில் கொள்ளலாம்.

மரபணு மட்டும் போதவில்லை. ஆகவே பார்வை எபிஜெனெடிக்ஸ் என்னும் மேல்மரபியலுக்குத் திரும்பியது. டி.என்.ஏ. ஒரு நூல் என்றால், எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது ஒட்டி மூடப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் வேதிக்குறிகளைப் படிப்பது மேல்மரபியல். நூலின் எழுத்து மாறுவதில்லை. படிக்கப்படும் பக்கம் மாறுகிறது. மீத்தைல் என்னும் சிறு மூலக்கூறு மரபணுவின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த மரபணு அணைந்துவிடும். நச்சுப்பொருள்களை முறிக்கும் நொதியை உருவாக்கும் ஜி.எஸ்.டி.பி.1 என்ற மரபணு, புரோஸ்டேட் புற்றுத் திசுக்களில் இவ்வாறு அணைந்து கிடப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1994இல் காட்டினர். 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, புற்று இல்லாத இயல்பான புரோஸ்டேட் திசுவிலேயே கறுப்பின, வெள்ளையின ஆண்களிடையே சில மரபணுக்களின் மீத்தைல் அளவு வேறுபடுவதைக் கண்டது. நோய் வருவதற்கு முன்பே உடல் வேறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

யார் குறித்தது என்பதே அரசியல் கேள்வி. உணவு, புகை, நச்சு, தூக்கமின்மை, ஓயாத அச்சம், அவமானம் ஆகியவை இக்குறிகளை மாற்றக்கூடியவை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. புகைப்பவர் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மீத்தைல் அளவு குறைவதும், புகைப்பதை நிறுத்தியபின் அது மெல்ல மீள்வதும் இத்துறையின் மிக உறுதியான முடிவுகளுள் ஒன்று. 2018இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2 கோடியே 65 இலட்சம் டாலர் செலவில், 10,000 கறுப்பின நோயாளிகளை இலக்காகக் கொண்டு தொடங்கிய ஆய்வு, இனப்பாகுபாடு தரும் மன அழுத்தத்தையும் மரபணுவையும் புற்றுத் திசுவையும் ஒருசேரப் பார்க்க முனைந்தது. ஒடுக்குமுறையை நோய்க்காரணிகளின் பட்டியலில் சேர்க்க ஓர் அரசு நிறுவனம் பணம் ஒதுக்கியது. இங்கே அப்படி ஒரு வரியை எந்த நிதிநிலை அறிக்கையிலும் கற்பனை செய்ய முடியுமா?

சாதி இனமல்ல என்பார்கள். 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் இந்திய அரசு வாதிட்டதும் அதுவே. சாதி இனமல்ல என்பதை அரசுக்கு வெகுகாலம் முன்பே நிறுவியவர் அம்பேத்கர். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் அமர்ந்து சாதிவாரியாக மூக்குகளை அளந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சமூகப் படிநிலைக்கும் தொடர்பு உண்டென்று கோட்பாடே வகுத்தார். அதே மூக்களவுகளை எடுத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனத்தவர் அல்லர் என்று 1948இல் வெளியான தம் நூலில் அம்பேத்கர் காட்டினார். ஆனால் பிறப்பின் அடிப்படையிலான பாகுபாடு உடலுக்குச் செய்வதைச் செய்யாமல் விடாது. அதற்கு இனம் என்று பெயரிட்டால் என்ன, சாதி என்று பெயரிட்டால் என்ன? 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது.

இங்கே நமக்கு ஓர் அறிவியல் வாய்ப்பும் இருக்கிறது. அதை எவரும் பயன்படுத்தவில்லை. அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்றார் அம்பேத்கர், 1916இல். மரபணு ஆய்வுகள் அதை உறுதிப்படுத்துகின்றன: ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்த இந்திய மக்கள் கூட்டங்கள், பின்னர் தத்தம் வேலிக்குள் அடைபட்டன. அப்படியானால் தலித் என்பது ஒரு மரபணுக் கூட்டம் அன்று. தேவேந்திரகுல வேளாளரும் பறையரும் அருந்ததியரும் தமக்குள் மணஉறவு கொள்ளாமல் தனித்தனியே வாழ்ந்தவர்கள். இம்மூவரிடமும் பொதுவாக இருந்து, அதே ஊரின் ஆதிக்கச் சாதியினரிடம் இல்லாத ஒரு வேதிக்குறி கண்டறியப்பட்டால், அதற்குப் பொதுமூதாதையரைவிடப் பொதுவான வாழ்நிலையே வலுவான விளக்கமாக இருக்கும். ஊருக்கு வெளியே ஒரே திசையில் தள்ளப்பட்ட தெரு, ஒரே கூலி, ஒரே நச்சு, ஒரே அச்சம். மரபணு முக்கியமே அன்று என்று சொல்வதற்கில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இதயத்தசையைப் பலவீனப்படுத்தும் ஒரு மரபணுக் குறைபாடு இந்தியரில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதைக் காட்டியது. ஆனால் அது எந்த ஒரு சாதியின் சொத்தாகவும் இருக்கவில்லை.

வாழ்நிலை என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. இவ்வட்டாரத்தில் அது என்னவாக இருக்கிறது என்று பார்ப்போம். குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவு. கண்மாய் பெருகினால்தான் நன்செய். மானாவாரிக் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், பயறுவகை. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்னத் தொடங்கியபின் மருந்தடிப்பும் கூடியது. தெளிப்பானை முதுகில் சுமப்பவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். கையுறை இல்லை, முகமூடி இல்லை. வாயைச் சுற்றிய துண்டு மட்டும். காடாகிப்போன நிலங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது மற்றொரு பிழைப்பு. பல நாள் புகையோடு வாழ வேண்டிய வேலை அது. அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைகளில் இரவுமுறை. இரவுமுறைப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. தொடர்பு தென்பட்ட புற்றுகளில் புரோஸ்டேட்டும் ஒன்று.

பூச்சிமருந்தைப் பற்றிப் பேசும்போது மார்த்தினிக், குவாதலூப் தீவுகளை விட்டுவிட முடியாது. கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ளவை. மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர். அங்கு வாழைத் தோட்டங்களில் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற நச்சு இடப்பட்டது. பிரான்ஸ் 1990இலேயே அதற்குத் தடைவிதித்தது. இத்தீவுகளுக்கு மட்டும் விலக்களித்து மேலும் மூன்றாண்டுகள் அனுமதித்தது. இன்று அங்குள்ள வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்நச்சை இரத்தத்தில் சுமக்கின்றனர். உலகிலேயே மிக உயர்ந்த புரோஸ்டேட் புற்றுநோய் விகிதங்கள் பதிவான இடங்களுள் இத்தீவுகள் அடங்கும். குவாதலூப்பில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, இரத்தத்தில் அந்நச்சு கூடுதலாக இருந்தோருக்கு நோய் ஆபத்தும் கூடுதல் என்றது. கருவுற்ற எலிகளுக்கு அதே நச்சைக் கொடுத்த ஆய்வுகளில், மூன்றாம் தலைமுறை ஆண் எலிகளின் புரோஸ்டேட் திசுவிலும் மேல்மரபியல் மாற்றங்கள் தென்பட்டன.

ஆய்வறிக்கையோடு அது நின்றுவிடவில்லை. தொழிலாளர் போராடினர். 2021 டிசம்பரில், இந்நச்சோடு வேலை செய்தவருக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயைத் தொழில்வழி நோயாக பிரான்ஸ் அரசு அறிவித்து இழப்பீட்டுக்கு வழிசெய்தது. குற்றவழக்கு வேறு முடிவை அடைந்தது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் எவர்மீதும் நடவடிக்கையின்றி அதை முடித்துவைத்தனர். ஆயினும் ஒரு கூலித் தொழிலாளியின் புற்றை அவர் விதியாகவோ குணக்கேடாகவோ பாராமல், வேலை தந்த காயமாகச் சட்டம் ஏற்றது சிறிய செய்தி அன்று.

இவ்விடத்தில் நம் மேடைகளில் கேட்கும் ஒரு பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈராயிரம் ஆண்டு இழிவு நம் மரபணுவிலேயே பதிந்துவிட்டது என்கிறோம். 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின் பசி இன்றும் நம் இரத்தத்தில் ஓடுகிறது என்கிறோம். உருவகமாக அது சரி; அறிவியலாக அன்று. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் கருவுற்ற டச்சுக் குழந்தைகளிடம், அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒரு மரபணுவின் மீத்தைல் அளவு உடன்பிறந்தோரைவிடக் குறைந்திருந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு கண்டது உண்மை. அது கருவிலிருந்தவர் உடலில் நேர்ந்த மாற்றம். மனிதரில் தலைமுறை தலைமுறையாக இக்குறிகள் கடத்தப்படுகின்றன என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இதில் எச்சரிக்கை தேவைப்படுவது அறிவியல் நேர்மைக்காக மட்டுமன்று. தலித் உடல் பிறப்பிலேயே பழுதுபட்டது என்ற வாசகம் யார் கையில் போய்ச் சேரும்? தீட்டுக் கொள்கைக்கு வெள்ளை அங்கி அணிவித்ததாகிவிடும். மேல்மரபியல் நமக்குப் பயன்படுவது நேர்மாறான காரணத்துக்காக: இக்குறிகளில் பல, சூழலால் ஏற்படுபவை, சூழல் மாறினால் மாறக்கூடியவை.

சூழல் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எல்லாருக்கும் ஒரே வாயில், ஒரே சிகிச்சை. அங்கு சிகிச்சை பெற்ற 60,035 நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுகளுக்குள் புரோஸ்டேட் புற்றால் இறந்தோர் கறுப்பினத்தவரில் 4.4 விழுக்காடு, வெள்ளையினத்தவரில் 5.1 விழுக்காடு. இரு மடங்கு இறப்பு என்ற வேறுபாடு அங்கே காணாமல் போயிற்று. இங்கிலாந்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. அங்கே வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு கறுப்பின ஆண்களுக்கு நால்வரில் ஒருவர். வெள்ளையினத்தவருக்கு எண்மரில் ஒருவர். இறப்பதோ முறையே பன்னிருவரில் ஒருவர், இருபத்துநால்வரில் ஒருவர். அதாவது நோய் வருவதில் வேறுபாடு உண்டு. வந்தபின் இறப்பதில், இரு தரப்பிலும் மூவரில் ஒருவர்தான். நோய் ஏன் கூடுதலாக வருகிறது என்பதில் மரபணுவும் மேல்மரபியலும் பேசலாம். வந்தவர் ஏன் சாகிறார் என்பதில் முதலில் பேச வேண்டியது மருத்துவமனையின் கதவு.

அந்தக் கதவு திருச்சுழியிலிருந்து எவ்வளவு தொலைவு? விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல்தான் திறக்கப்பட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நெடுங்காலமாக மதுரையே கதி. அருப்புக்கோட்டையிலிருந்தே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர்க்காரருக்குப் பேருந்து மாறி மாறிப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வரும் மகனின் கூலியும் போகும். இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், திசு எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குத் துணைநிற்கிறது. இழந்த கூலியை அது திருப்பித் தருவதில்லை.

முற்றிய நோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்குவது அடிப்படைச் சிகிச்சை. அதற்கு இரு வழிகள். ஒன்று, மாதக்கணக்கில் தொடர வேண்டிய ஊசி. விலை மிகுந்தது, திரும்பத் திரும்ப வரவேண்டியது. மற்றொன்று, விரைகளை ஒரேயடியாக நீக்கும் அறுவை. மருத்துவப் பயனில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதால், ஏழை நோயாளிக்கு இந்தியாவெங்கும் அறுவையே பரிந்துரைக்கப்படுவது வழக்கம். மருத்துவரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. வசதியுள்ளவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். கூலிக்காரருக்குத் தேர்வே இருப்பதில்லை. இதைப்பற்றி நம் இதழ்களிலும் எவரும் எழுதுவதில்லை. ஆண்மை பற்றிய கூச்சம் நம்மையும் விடவில்லை போலும்.

சாதியும் ஆயுளும் பற்றி இந்தியாவில் இருக்கும் வலுவான சான்று 2022இல் வெளியானது. ஒன்பது மாநிலங்களில் இரண்டு கோடி மக்களின் தரவை வைத்து வியாஸ், ஹாதி, குப்தா ஆகிய மூவர் செய்த ஆய்வு. உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல். பொருளாதார நிலை இவ்விடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. அஷ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் குழந்தைகளின் உயரத்தை ஆராய்ந்தபோது, தீண்டாமை மிகுதியாக நிலவும் இடங்களில் தலித் குழந்தைகளின் வளர்ச்சிக்குறைவும் மிகுந்திருப்பதைக் கண்டனர். வறுமைதான் எல்லாம், சாதி ஒன்றுமில்லை என்று சொல்வோர் இவ்விரண்டையும் படிக்கட்டும். அந்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. சமூகநீதி மாநிலம் என்ற பெருமை உண்மையானால், அதைத் தன் இறப்புக் கணக்கில் காட்டுவதில் தமிழ்நாட்டு அரசுக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. அது உயிரோடு இருப்போரை எண்ணும். பதிவேட்டிலும் இறப்புப் படிவத்திலும் சாதிப் பிரிவு இல்லாவிட்டால், வகுக்க எண் இருக்கும், வகுபட எண் இருக்காது, விகிதம் கிடைக்காது.

தேவைப்படுவது பெரிய கருவிகளல்ல. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் பயிற்சிபெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையே கருப்பைவாய்ப் புற்று இறப்பை 35 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. (ஒப்பீட்டுக் குழுவில் வைக்கப்பட்ட ஏழைப் பெண்களுக்கு அச்சோதனை தரப்படாததைப் பற்றிய அறவியல் விமர்சனமும் பின்னர் எழுந்தது, அதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.) புரோஸ்டேட்டுக்கு அவ்வளவு எளிய சோதனை இல்லை. பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை எல்லாருக்கும் செய்தால் தீங்கற்ற புற்றுகளையும் கண்டறிந்து வீண் அறுவைக்கு வழிவகுக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அறிகுறி உள்ளவரை விரைந்து கண்டறிய அத்தடை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் 2021 முதல் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். ஐம்பதைக் கடந்த ஆணிடம் சிறுநீர் பற்றி ஒரு கேள்வி, இடுப்புவலி பற்றி ஒரு கேள்வி, எந்த வேலை செய்தீர்கள், எத்தனை ஆண்டு மருந்தடித்தீர்கள் என்று ஒரு கேள்வி. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள் சிறுநீரியல் மருத்துவர், அங்கேயே திசு எடுத்து மதுரைக்கு அனுப்பும் ஏற்பாடு. விருதுநகர் மருத்துவக் கல்லூரியின் பதிவேட்டில் நோயாளி ஒப்புதலோடு சாதியும் தொழிலும்.

ஒப்புதல் என்ற சொல்லில் அழுத்தம் வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் எடுத்தனர். பின்னர் அவர்கள் அறியாமலேயே அதை மனநோய் ஆய்வுக்கும் இடப்பெயர்ச்சி ஆய்வுக்கும் பயன்படுத்தினர். வழக்கு 2010இல் 7 இலட்சம் டாலர் இழப்பீட்டோடு சமரசமானது. எஞ்சிய இரத்த மாதிரிகள் அம்மக்களிடமே திருப்பித் தரப்பட்டன. சாதிவாரி மேல்மரபியல் ஆய்வு என்று நாளை யாரேனும் திருச்சுழிக்கு ஊசியோடு வந்தால், மாதிரிகள் யார் பொறுப்பில் இருக்கும், எதற்கெல்லாம் பயன்படும், வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை முன்கூட்டியே தமிழில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அறநெறிக் குழுவில் அந்தத் தெருக்காரருக்கும் இடம் கேட்க வேண்டும்.